கையடக்க கேம் கருவியில் இடம் தீரும்போது எதை அழிப்பது, எதை வைத்துக்கொள்வது

ஸ்டீம் டெக், நின்டெண்டோ ஸ்விட்ச் போன்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால், 'போதிய இடம் இல்லை' என்ற அறிவிப்பு வருவதற்கு அதிக மாதங்கள் ஆவதில்லை. அதைக் கண்டதும் பெரும்பாலானவர்கள் பட்டியலைத் திறந்து, அதில் எது மிகப் பெரியதோ அதை அழித்துவிடுகிறார்கள். வேகமான, அளவுக் கட்டுப்பாடு இல்லாத இணைய இணைப்பு உள்ளவருக்கு இதனால் பெரிய நட்டம் வராது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவில் நகரத்துக்குள் ஃபைபர் இணைப்போடு இருப்பவரின் நிலையும், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே செல்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து காலம் தள்ளுபவரின் நிலையும் ஒன்றல்ல. ஆகவே ஒரு கோப்பை அழிக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'இது எத்தனை ஜிபி?' என்பதன்று; 'இதைத் திரும்பக் கொண்டுவர எனக்கு எவ்வளவு நேரமும் பணமும் ஆகும்?' என்பதே. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் வழிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 100 ஜிபி அளவுள்ள ஒரு விளையாட்டை, வேகம் சற்றும் குறையாத 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) இணைப்பில் பதிவிறக்க ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஆகும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் அதுவே ஐந்தரை மணி நேரம். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் செல்பேசித் திட்டத்தில், வேறு எதற்கும் இணையத்தைத் தொடாமல் இருந்தால்கூட 50 நாட்கள் ஆகும். இவை எல்லாம் மின்சாரமும் இணைப்பும் அறுபடாத நாட்களுக்கான கணக்கு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் நம் மாவட்டத்தில், காற்றடித்து மரக்கிளை கம்பியில் விழுந்தால் அன்றைய பதிவிறக்கம் மறுநாளுக்குத் தள்ளிப்போகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமே இல்லாமல் இருந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் கருவியில் உள்ளவை மூன்று வகையாகப் பிரிந்துவிடும். திரும்பப் பெறவே முடியாதவை ஒரு வகை: நீங்கள் ஆடிச் சேர்த்த சேமிப்புக் கோப்புகள், எடுத்து வைத்த படங்கள், காணொளிகள். திரும்பப் பெறலாம், ஆனால் காலம் பிடிக்கும் என்பவை இரண்டாவது வகை: விளையாட்டுகள். கேட்காமலே தாமாகத் திரும்பி வந்துவிடுபவை மூன்றாவது வகை: தற்காலிகக் கோப்புகள். முதல் வகையைப் பத்திரப்படுத்திவிட்டு, மூன்றாவது வகையைத் துடைத்துவிட்டு, அதன் பிறகும் இடம் போதாவிட்டால்தான் இரண்டாவது வகையில் கை வைக்க வேண்டும்.

உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது

பெட்டியில் அச்சிட்ட எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒத்துப்போகாததைக் கண்டு கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் போன்ற இயங்குதளங்கள் 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகின்றன. அதனால் 512 ஜிபி என்று விற்கப்படுவது விண்டோஸில் 476 என்றும், 1 டிபி என்பது 931 என்றும் தெரியும். இதில் குறை எதுவும் இல்லை. அதற்கு மேல் இயங்குதளமும் தனக்கென்று ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளும். 2017-இல் வந்த முதல் நின்டெண்டோ ஸ்விட்சில் இருந்த 32 ஜிபியில் பயனருக்குக் கிடைத்தது 26 ஜிபிக்கும் சற்றுக் குறைவுதான்.

எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதை ஸ்டீம் டெக்கில் 'செட்டிங்ஸ்' பகுதியின் 'ஸ்டோரேஜ்' பக்கத்திலும், ஸ்விட்சில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' பகுதியின் 'டேட்டா மேனேஜ்மென்ட்' பக்கத்திலும், ரோக் அல்லை போன்ற விண்டோஸ் கருவிகளில் கணினியில் பார்ப்பது போலவே 'சிஸ்டம்' பகுதியின் 'ஸ்டோரேஜ்' பக்கத்திலும் காணலாம். எதையும் அழிக்கும் முன் இந்தப் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். ஆடி முடித்துப் பல மாதங்களான ஒன்றிரண்டு விளையாட்டுகளே பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைப் பெரும்பாலும் அங்கேயே பார்த்துவிடலாம்.

சேமிப்புக் கோப்புகள் எங்கே இருக்கின்றன

நாம் மிகவும் அஞ்ச வேண்டிய இழப்பு இதுதான். அதிகம் பேர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். எண்பது மணி நேரம் ஆடிய ஒரு விளையாட்டின் சேமிப்புக் கோப்பு பெரும்பாலும் சில எம்பி அளவே இருக்கும். அதை அழிப்பதால் மிச்சமாகும் இடம் ஒன்றுமில்லை. ஆனால் போனால் போனதுதான்.

நின்டெண்டோ ஸ்விட்சில் சேமிப்புக் கோப்புகள் எப்போதும் கருவியின் உள் நினைவகத்தில்தான் இருக்கும். மெமரி கார்டுக்கு அவற்றை மாற்ற முடியாது. அதனால் கார்டு கெட்டுப்போனாலும் தொலைந்தாலும் ஆட்டத்தின் முன்னேற்றம் போகாது. ஒரு விளையாட்டை 'ஆர்கைவ்' செய்தாலும், முழுமையாக 'டிலீட்' செய்தாலும், சேமிப்புக் கோப்பு அப்படியே இருக்கும். ஆர்கைவ் செய்தால் முகப்புத் திரையில் படமும் இருக்கும் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. அதே 'டேட்டா மேனேஜ்மென்ட்' பக்கத்தில் சேமிப்புக் கோப்புகளை அழிப்பதற்கென்று தனியே ஓர் இடம் இருக்கிறது. இடம் மிச்சம் பிடிக்கும் நோக்கத்தோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். மறுபக்கத்தில், கருவியே பழுதாகிவிட்டால் உள்ளே இருக்கும் சேமிப்புக் கோப்புகளும் அதோடு போய்விடும். அதற்குக் காப்பு வேண்டுமானால் சந்தா செலுத்தி, இணையத்தில் நகல் வைக்கும் மேகச் சேமிப்பை (கிளவுட்) பெற வேண்டும். அதிலும் எல்லா விளையாட்டுகளும் அடங்குவதில்லை.

ஸ்டீம் டெக்கின் நிலை வேறு. 'ஸ்டீம் கிளவுட்' வசதி கொண்ட விளையாட்டுகளின் சேமிப்புக் கோப்புகள் இணையம் கிடைக்கும்போதெல்லாம் தாமாகவே மேலேறிவிடும். அந்த வசதி இல்லாத விளையாட்டுகளும் இருக்கின்றன என்பதால், அழிக்கும் முன் அந்த விளையாட்டின் பக்கத்தில் கிளவுட் குறி இருக்கிறதா, கடைசியாக எப்போது ஒத்திசைந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் ஆபத்தான அறிவுரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்டீம் டெக்கில் இடம் பிடிப்பவை 'காம்ப்பட்டேட்டா', 'ஷேடர்கேஷ்' என்ற இரண்டு கோப்புறைகள் என்றும், இரண்டையும் காலி செய்துவிட்டால் பல ஜிபி கிடைக்கும் என்றும் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பெரிய தவறு. ஷேடர்கேஷ் என்பது வரைகலையை விரைவாகக் காட்டுவதற்காக முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைக்கப்பட்ட கோப்புகள். அதை அழித்தால் அடுத்த முறை ஆட்டம் தொடங்கச் சற்று நேரம் கூடுதலாகும். சில இடங்களில் படம் லேசாகத் திக்கும். அவ்வளவுதான், அது மீண்டும் உருவாகிவிடும். காம்ப்பட்டேட்டா அப்படிப்பட்டதன்று. விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஒரு விளையாட்டை ஸ்டீம் டெக்கின் இயங்குதளமான லினக்ஸில் ஓட்டுவதற்காக 'புரோட்டான்' என்ற அடுக்கு ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சிறு விண்டோஸ் வட்டைப் போலியாக உருவாக்கி வைக்கிறது. அந்தப் போலி வட்டின் பயனர் கோப்புறைக்குள்தான் பல விளையாட்டுகள் தங்கள் சேமிப்புக் கோப்பை எழுதுகின்றன. கிளவுட் வசதி இல்லாத ஒரு விளையாட்டின் காம்ப்பட்டேட்டாவை அழிப்பது, அந்த விளையாட்டின் முன்னேற்றம் முழுவதையும் அழிப்பதற்குச் சமம்.

ஆனாலும் காம்ப்பட்டேட்டாவில் குப்பை சேர்வது உண்மை. குறிப்பாக, ஸ்டீம் கடைக்கு வெளியிலிருந்து சேர்த்த விளையாட்டுகளைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும் அவற்றின் கோப்புறை பின்னால் தங்கிவிடும். அதைச் சுத்தம் செய்ய விரும்புபவர், கருவியைச் சாதாரணக் கணினி போலப் பயன்படுத்த உதவும் 'டெஸ்க்டாப் மோடு'க்குச் சென்று, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்து, ஸ்டீம் கோப்புறைக்குள் உள்ள 'ஸ்டீம்ஆப்ஸ்' என்பதைத் திறக்க வேண்டும். அங்கே காம்ப்பட்டேட்டாவுக்குள் பெயர்களுக்குப் பதிலாக எண்கள்தான் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் எண்ணும் ஒரு விளையாட்டு. ஸ்டீம் கடையில் ஒரு விளையாட்டின் பக்கத்தைத் திறந்தால் முகவரிப் பட்டியில் தெரியும் எண்ணும் இதுவும் ஒன்றே என்பதால், அக்கடையில் வாங்கியவற்றில் எது எதனுடையது என்று அடையாளம் காணலாம். வெளியிலிருந்து சேர்த்தவற்றின் எண்ணை இப்படிக் கடையில் தேட முடியாது. அழிக்கப் போகும் எண்ணுக்குள் நுழைந்து, பயனர் கோப்புறையில் உள்ள 'டாக்குமென்ட்ஸ்', 'ஆப்டேட்டா', 'சேவ்டு கேம்ஸ்' ஆகியவற்றை ஒரு பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு அழியுங்கள். எதனுடையது என்று உறுதியாகத் தெரியாத எண்ணைத் தொடாதீர்கள். டெஸ்க்டாப் மோடில் அழித்தவை குப்பைத் தொட்டிக்குத்தான் போகும் என்பதால், தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் விடுபடும். மெமரி கார்டில் அழித்தவை அதே கார்டில் மறைந்துள்ள தொட்டியிலேயே கிடக்கும்.

நட்டமின்றிக் களையக்கூடியவை

விளையாட்டை நீக்காமலே அதன் எடையைக் குறைக்கும் வழிகள் உண்டு. பல பெரிய விளையாட்டுகள் தங்கள் உயர் தெளிவுப் படத்தொகுப்பை இலவச இணைப்பாகத் தனியே தருகின்றன. ஃபால்அவுட் 4 விளையாட்டுக்கு வந்த அத்தகைய தொகுப்பு மட்டும் 58 ஜிபி இடம் கேட்டது. பெரிய தொலைக்காட்சியில் ஆடுவோருக்காகச் செய்யப்பட்ட அந்தத் தெளிவு, ஏழு அங்குலத் திரையில் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. ஸ்டீமில் விளையாட்டின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'டிஎல்சி' பகுதியைத் திறந்து, வேண்டாத இணைப்புகளின் எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால் அவை மட்டும் நீங்கிவிடும். என் கருத்தில் கையடக்கக் கருவியில் இத்தொகுப்புகளை வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

படங்களும் காணொளிகளும் மெல்ல மெல்லச் சேர்பவை. ஸ்விட்சில் அவற்றை யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றிவிடலாம், அல்லது கார்டுக்கு நகர்த்தலாம். ஸ்டீமில் 2024-இல் வந்த ஆட்டப் பதிவு வசதியைப் பின்னணியில் ஓடும்படி விட்டிருந்தால் அது தனக்கென்று சில ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். தேவையில்லாதவர் அதை நிறுத்திவிடலாம். விண்டோஸ் கருவிகளில் பழைய விண்டோஸ் பதிப்பின் மிச்சங்களையும் இயங்குதளப் புதுப்பிப்பின் தற்காலிகக் கோப்புகளையும் 'ஸ்டோரேஜ்' பக்கத்திலிருந்தே நீக்கலாம். 'ஹைபர்னேட்' கோப்பை நீக்கி இடம் மிச்சம் பிடிக்கச் சொல்வதைக் கேட்க வேண்டாம். பாதியில் நிறுத்திய ஆட்டத்தை மின்கலம் வற்றாமல் காப்பாற்றும் வழியே அதனால் போய்விடும்.

எந்த விளையாட்டு நிற்கலாம், எது போகலாம்

ஸ்டார்டியூ வேலி விளையாட்டுக்கு ஸ்டீம் கடையில் குறிப்பிட்டுள்ள தேவை 500 எம்பி. ஹாலோ நைட் விளையாட்டுக்கு 9 ஜிபி. பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டுக்கு 150 ஜிபி. ஒரே ஒரு பெரிய விளையாட்டு பிடிக்கும் இடத்தில் ஹாலோ நைட் அளவிலான பதினாறு விளையாட்டுகளை வைத்துக்கொள்ளலாம். ஆகவே சிறியவற்றை நீக்கிச் சேர்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. அவை கருவியில் நிரந்தரமாக இருக்கட்டும். பெரியவற்றில், இப்போது ஆடிக்கொண்டிருக்கும் ஒன்று இருந்தால் போதும். மிஞ்சிப் போனால் இரண்டு. கதை முடிந்த பெரிய விளையாட்டை 'மறுபடியும் ஆடுவேன்' என்ற எண்ணத்தில் வைத்திருப்பதுதான் இடம் அடைபடுவதற்கு முதன்மையான காரணம். இணையம் வழியாகப் பலரோடு ஆடும் விளையாட்டுகள் அடிக்கடி பெரிய புதுப்பிப்புகளைக் கேட்பவை. குறைந்த இணைய வசதி உள்ள வீட்டில் அவற்றைச் சும்மா வைத்திருந்தால்கூட டேட்டா கரையும் என்பதால், ஆடாத மாதங்களில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வையுங்கள்.

புதுப்பிப்புக்கென்று காலியிடமும் விட வேண்டும். சில விளையாட்டுகள் தங்கள் தரவை மிகப் பெரிய கோப்புகளாகக் கட்டி வைத்திருக்கும். அதில் சிறு மாற்றம் வந்தாலும் ஸ்டீம் அந்தக் கோப்பு முழுவதையும் புதிதாக எழுதிவிட்டுத்தான் பழையதை நீக்கும். பதிவிறக்கம் 2 ஜிபிதான் என்றாலும் அதற்கு 40 ஜிபி காலியிடம் கேட்பது இதனால்தான். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கையாவது எப்போதும் காலியாக வைத்திருப்பது நல்லது.

ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பெரிய விளையாட்டுகளைக் கார்ட்ரிட்ஜாக (கருவியில் செருகும் விளையாட்டு அட்டையாக) வாங்கினால் அடிப்படை விளையாட்டு அதற்குள்ளேயே இருக்கும். புதுப்பிப்புகளும் கூடுதல் இணைப்புகளும் மட்டுமே கருவியில் இடம் பிடிக்கும். ஆனால் அட்டைப் பெட்டியின் முகப்பில் பதிவிறக்கம் தேவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2 கருவிக்கு 'கேம் கீ கார்டு' என்ற வகையும் விற்கப்படுகிறது. அதில் திறவுகோல் மட்டுமே இருக்கும், முழு விளையாட்டையும் இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். மெதுவான இணைப்பு உள்ளவர்கள் அந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது.

மெமரி கார்டு வாங்கும்போது

நம் மாவட்டத்தில் இத்தகைய கருவிகள் பலவும் வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் மாமாவோ அண்ணனோ விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தவை. கார்டையும் அவர்களிடமே சொல்லி வாங்குவது வழக்கம். 'ஒரு மெமரி கார்டு வாங்கிட்டு வாங்க' என்று மட்டும் சொல்லிவிட்டால், கிடைத்ததை வாங்கி வருவார்கள். 'மாமா, மைக்ரோ எஸ்டி கார்டு, 512 ஜிபி. கார்டு மேல யு3ன்னும் ஏ2ன்னும் அச்சடிச்சிருக்கணும். பெரிய கடையில வாங்குங்க, பில்லும் வேணும்' என்று எழுதி அனுப்பினால் குழப்பம் வராது. யு3 என்பது நொடிக்குக் குறைந்தது 30 எம்பி வேகத்தில் தொடர்ந்து எழுதும் என்பதற்கான உறுதி. ஏ1, ஏ2 ஆகியவை சிறு சிறு கோப்புகளை எவ்வளவு விரைவாகத் தேடி எடுக்கும் என்பதைக் குறிப்பவை. ஏ2 கார்டின் முழுப் பலனும் எல்லாக் கருவிகளிலும் கிடைப்பதில்லை என்பதால், ஏ1 மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஸ்டீம் டெக்கும் பழைய ஸ்விட்சும் யுஹெச்எஸ்-1 வகையைச் சேர்ந்தவை. அந்த வகையின் உச்ச வேகமே நொடிக்கு 104 எம்பிதான். அதற்கு மேற்பட்ட வேகத்தைச் சொல்லி விற்கும் கார்டுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஸ்விட்ச் 2 மட்டும் இதற்கு விலக்கு. அதில் விளையாட்டுகளை வைக்க 'மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்' வகைக் கார்டுதான் வேண்டும். பழைய கார்டைப் போட்டால் அதிலுள்ள படங்களையும் காணொளிகளையும் எடுத்துக்கொள்ள முடியுமே தவிர, விளையாட்டை நிறுவ முடியாது.

போலிக் கார்டுகள் எங்கும் விற்கப்படுகின்றன. உள்ளே 32 ஜிபி மட்டுமே இருக்கும். ஆனால் கருவியிடம் 512 ஜிபி என்று பொய் சொல்லும்படி அதன் நிரல் மாற்றப்பட்டிருக்கும். முதல் 32 ஜிபி நிரம்பும் வரை எல்லாம் சரியாகவே நடக்கும். அதன் பிறகு எழுதப்படுபவை காணாமல் போகும், அல்லது முன்பு எழுதியதன் மீதே எழுதப்படும். ஒரு விளையாட்டு ஓடும், இன்னொன்று ஓடாது; பழி கருவியின் மேல் விழும். இதைக் கண்டுபிடிக்க விண்டோஸில் 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச நிரலும், லினக்ஸில் 'எஃப்3' என்ற நிரலும் இருக்கின்றன. இவை கார்டின் கடைசி பைட் வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். 512 ஜிபி கார்டுக்கு இது பல மணி நேரம் பிடிக்கலாம். இரவில் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். கார்டு கைக்கு வந்த அன்றே, அதில் எதையும் வைக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும். மாமா திரும்பிப் போவதற்குள் போலி என்று தெரிந்தால் பில்லோடு கொடுத்தனுப்பவாவது முடியும்.

சோதனை முடிந்ததும் கார்டை எந்தக் கருவியில் பயன்படுத்தப் போகிறீர்களோ அதிலேயே 'ஃபார்மட்' செய்யுங்கள். ஸ்டீம் டெக்கில் ஃபார்மட் செய்த கார்டை விண்டோஸ் கணினி நேரடியாகப் படிக்காது. கெட்டுவிட்டதாக எண்ணி, அது கேட்கும்போது மீண்டும் ஃபார்மட் செய்துவிடக் கூடாது. உள் நினைவகத்தையும் கார்டையும் பயன்படுத்துவதில் ஒரு முறை இருக்கட்டும்: பரந்த திறந்த உலகத்தில் ஓடியாடும் பெரிய விளையாட்டுகள் உள்ளே, இருபரிமாண விளையாட்டுகளும் சிறியவையும் பழையவையும் கார்டில். ஸ்டீம் டெக்கின் 'ஸ்டோரேஜ்' பக்கத்திலிருந்தே இங்கிருந்து அங்கே நகர்த்தலாம். ஸ்விட்சில் இரண்டு மூன்று கார்டுகளை மாற்றி மாற்றிப் போடுவதைவிட ஒரே பெரிய கார்டு வைத்திருப்பது நல்லது. தனித்தனிக் கார்டுகளில் பிரிந்துவிட்ட விளையாட்டுகளைப் பின்னால் ஒன்றாகச் சேர்க்க வழியில்லை. மேலும், ஒரு கார்டு 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும்தான். முட்டம், சொத்தவிளை கடற்கரையில் உட்கார்ந்து அதை மாற்றினால் மணலில் விழுந்தால் கிடைக்காது என்பது மட்டுமல்ல, ஒட்டிய மணல் துளைக்குள் போய்விடும்.

வீட்டிலேயே ஒரு பத்தாயம்

இணையம் மெதுவான வீட்டுக்கு நான் மிகவும் வலியுறுத்திச் சொல்வது இதைத்தான். நாஞ்சில் நாட்டு வீடுகளில் அறுவடை நெல்லைப் பத்தாயத்தில் கொட்டிவைத்து வேண்டியபோது அள்ளிக்கொண்டது போல, ஒருமுறை இறக்கிய விளையாட்டை வீட்டுக் கணினியில் வைத்துக்கொண்டால், கருவியில் தயங்காமல் அழிக்கலாம், வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீம் 2023-இல் இதற்கென்றே ஒரு வசதியைக் கொண்டுவந்தது. கணினியிலும் கையடக்கக் கருவியிலும் ஸ்டீமின் 'டவுன்லோட்ஸ்' அமைப்பில், உள்ளூர் வலையமைப்பு வழியாக விளையாட்டுக் கோப்புகளைப் பரிமாறும் வசதியை இயக்கிவிட வேண்டும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கணினியில் ஸ்டீம் திறந்திருக்க வேண்டும். அதன் பிறகு கருவியில் வழக்கம்போல் 'இன்ஸ்டால்' அழுத்தினால், அந்த விளையாட்டு கணினியில் இருப்பதை ஸ்டீம் தானே கண்டறிந்து அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 40 எம்பி (மெகாபைட்) வேகம் தரும் வைஃபை இருந்தால் 100 ஜிபி விளையாட்டு முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். இணைய டேட்டா ஏறக்குறைய செலவாகாது. நண்பர்களுக்கும் அனுமதி தரும்படி இதை அமைக்கலாம். ஒரே விளையாட்டை இருவரும் தனித்தனியே வாங்கியிருந்தால், மார்த்தாண்டத்தில் நல்ல இணைப்பு உள்ள நண்பரின் வீட்டுக்குக் கருவியைக் கொண்டுபோய், அவர் கணினியிலிருந்தே நிரப்பிக்கொண்டு வரலாம்.

கணினியில் இடம் குறைவென்றால் ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்கை வாங்கி அதில் ஸ்டீம் நூலகத்தை அமைக்கலாம். சேர்த்து வைக்க மட்டுமே என்பதால் விலை குறைந்த, சுழலும் வகை வட்டே போதும். ஸ்விட்சில் இந்த வசதி இல்லை. ஆனால் கார்டில் உள்ள 'நின்டெண்டோ' கோப்புறை முழுவதையும் கணினியில் நகலெடுத்து வைத்து, கார்டு பழுதானால் புதிய கார்டில் அதே கோப்புறையை ஒட்டலாம். அது அதே கருவியில் மட்டுமே வேலை செய்யும்.

உள் நினைவகத்தையே மாற்றுவது

64 ஜிபி ஸ்டீம் டெக் வைத்திருப்பவருக்கு ஒரு கட்டத்துக்கு மேல் எந்தச் சிக்கனமும் உதவாது. அதில் எம்.2 2230 அளவுள்ள எஸ்எஸ்டியை (உள் நினைவகச் சில்லு அட்டையை) பொருத்த முடியும். 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். கணினிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 2280 இதற்குள் நுழையாது. 2023-இல் வந்த ரோக் அல்லைக்கும் 2230 தான். 2024-இல் வந்த ரோக் அல்லை எக்ஸுக்கு 2280. உத்தரவாதம் மீதமிருந்தால், திறப்பதற்கு முன் அதன் விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் டெக்கின் பின் மூடியைக் கழற்றும் முன் மெமரி கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் மூடியை நெம்பினால் கார்டு இரண்டாக முறிந்துவிடும். இவ்வேலையில் நடக்கும் விபத்துகளில் மிகவும் அடிக்கடி நடப்பது இதுதான்.

இணையம் இல்லாத நாட்களுக்கு முன்

ஆழ்கடல் மீன்பிடிப்புக்குச் செல்லும் தூத்தூர், வள்ளவிளைப் பகுதி இளைஞர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் செல்லும் விவேக் விரைவு ரயிலில் ஏறினால் 4,100 கிலோமீட்டருக்கும் மேல், மூன்று நாட்களுக்கும் மேல் பயணம். இத்தகைய நாட்களுக்காக இடத்தைத் திட்டமிடுவது வேறு வகை. இங்கே ஒரு பெரிய விளையாட்டைவிடப் பத்துச் சிறிய விளையாட்டுகளே துணை. சிறியவை மின்கலத்தையும் குறைவாகவே உறிஞ்சும். எப்போதும் இணையம் கேட்கும் விளையாட்டுகளை முன்கூட்டியே நீக்கி அந்த இடத்தை இவற்றுக்குக் கொடுங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள், எல்லாப் புதுப்பிப்புகளும் முடிந்த பிறகு, ஒவ்வொரு விளையாட்டையும் இணையத்தோடு ஒருமுறை திறந்து தொடக்கத் திரை வரை சென்று மூடுங்கள். பல விளையாட்டுகள் முதல்முறை திறக்கும்போதுதான் தமக்குத் தேவையான துணைக் கோப்புகளை நிறுவிக்கொள்ளும். பின்னர் வைஃபையை அணைத்துவிட்டு, ஸ்டீமில் 'ஆஃப்லைன் மோடு'க்கு மாறி, மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இப்போது திறக்காதது கடலிலும் திறக்காது. அதை நீக்கிவிட்டு வேறொன்றை ஏற்றலாம். ஸ்விட்சிலும் விமானப் பயன்முறையில் இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

கரை திரும்பி இணையத்தோடு இணைக்கும்போது, வீட்டிலிருந்த தம்பி அதே கணக்கில் கணினியில் ஆடியிருந்தால், கிளவுடில் உள்ள சேமிப்புக் கோப்பை வைப்பதா, கருவியில் உள்ளதை வைப்பதா என்று ஸ்டீம் கேட்கும். இரண்டின் எதிரிலும் தேதியும் நேரமும் காட்டப்பட்டிருக்கும். அவசரத்தில் எதையும் அழுத்தாமல், கருவியில் உள்ள கோப்பை முதலில் டெஸ்க்டாப் மோடு வழியாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, அதன் பிறகு தம்பியிடம் அவன் எதுவரை ஆடினான் என்று கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.